ஆறாவது சாக்ஸும் பிரேக் சாரின் வலது காலும்

பிரேக் சாரின் வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை உண்டு என்பது அவர் மனைவியின் கருத்து. டிவியில் ஒரு லாரி வேகமாக வந்தால் அந்தக் கால் தரையை மிதிக்கும். அடுப்பில் பால் பொங்கி வந்தால் மிதிக்கும். கூடவே இருக்கும் மாமனார் ஒரு பேச்சை எடுத்து, அது சண்டையில்தான் போய் முடியும் என்று தோன்றினால் அப்போதும் மிதிக்கும். பால் நின்றதில்லை. மாமனாரும் நின்றதில்லை. கால் மட்டும் தன் கடமையைச் செய்துவிட்டு அமைதியாகிவிடும்.

அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்துகிறார். பள்ளி என்று பெயர்தான் பெரியது. ஒரு கார், ஒரு ஆசிரியர், வீட்டு வாசலில் ஒரு பலகை, அவ்வளவுதான். கற்றுக்கொள்பவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் இவர் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் மிதி இருக்கும். யார் எங்கே கொண்டுபோய் மோதப் பார்த்தாலும் இவர் மிதிப்பார், கார் நிற்கும். வருஷக்கணக்கில் இதையே செய்ததில் மாணவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் சார். அவருக்கு அதில் கோபமில்லை. பெருமைதான்.

ஆளும் அப்படித்தான். எதையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவார். கதவுக்கு இரண்டு பூட்டு, மழைக்கு இரண்டு குடை, காருக்கு இரண்டு ஸ்டெப்னி. "நல்லவேளை, பொண்ணு பாக்க வந்தப்ப இந்தப் பழக்கம் இவருக்கு முத்தல. இல்லேன்னா ஒண்ணு போனா ஒண்ணுன்னு ரெண்டு பேரைக் கேட்டிருப்பாரு" என்பாள் மனைவி.

அவரிடம் கற்ற எல்லோரும் முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். காது கேட்காத பேக்கரிக்காரர் வாங்கினார். இடது எது, வலது எது என்று மோதிரத்தைப் பார்த்துத்தான் சொல்லும் பல் டாக்டர்கூட வாங்கிவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் இரண்டு தடவை தோற்றிருந்தாள். அவர் மனைவி.

அவள் வீட்டிலேயே தையல் தைப்பவள். ஊரில் உள்ளவர்களின் இடுப்பு எப்போது பெருத்தது, எப்போது இளைத்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அது அவளுக்கு அலுத்துவிட்டது. "அடுத்தவங்க அளவையே எடுத்துக்கிட்டு ஒரே இடத்துல உக்காந்திருக்கேன். நானும் நாலு இடம் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி இருக்கும்போதுதான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. மருத்துவமனைகளுக்குப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கிவந்து சேர்க்க வேண்டும். லைசென்ஸோடு வந்தால் அடுத்த மாதமே சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். டெஸ்ட் திங்கட்கிழமை. அதை விட்டால் அடுத்த தேதி கிடைக்க மூன்று மாதம் ஆகும். வேலை அதுவரை இவளுக்காக வாசலில் நிற்காது.

இரண்டு தடவையும் அவள் ஒரே காரணத்துக்காகத்தான் தோற்றாள். அழகாக ஓட்டிக்கொண்டே போவாள். திடீரென்று, முன்னால் ஒரு பூனைகூட இல்லாத சாலையில், சடக்கென்று பிரேக் போட்டுவிடுவாள். அதிகாரியின் நெற்றி கண்ணாடியை முத்தமிட்டுத் திரும்பும். ஏன் மிதித்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. "பதட்டம்" என்றார் பிரேக் சார். மனைவிக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று இரண்டு தடவையும் அவர் பின் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்த நிலையில்தான் எஞ்சின் போனது.

பல் டாக்டர் ஒரு கல்லின் மேல் காரை ஏற்றி இறக்கினார். இவர் பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினார். சேதமில்லை என்று நினைத்துத் திரும்ப ஓட்டச் சொன்னார். அடியில் ஆயில் தொட்டி கிழிந்து, ஆயில் முழுவதும் சாலையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது இருவருக்கும் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததை டாக்டர் பார்த்தாராம். "ரேடியோ லைட்டுன்னு நெனச்சேன் சார்" என்றார் பிறகு. வீட்டுக்கு வருவதற்குள் எஞ்சினுக்குள்ளே யாரோ பாத்திரம் துலக்குவதுபோலச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

மெக்கானிக் வந்து எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார். "சார், அடி முழுக்கப் போச்சு. ஆனா மேல இருக்கிற ஹெட் ரெண்டும் தங்கம். போன வருஷந்தானே வேலை பாத்தோம்" என்றார்.

அது பழைய பெரிய கார். எஞ்சின் வி வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று சிலிண்டர், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மூடி. அந்த மூடிகளைத்தான் ஹெட் என்கிறார்கள். காற்றை உள்ளே விடும், புகையை வெளியே தள்ளும் வால்வுகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் அதே ரக எஞ்சின் ஒன்று கிடைத்தது. அது நேர் எதிர். அடி தங்கம். மேலே ஒரு ஹெட் கீழே விழுந்து காது உடைந்திருந்தது, இன்னொன்று மழையில் கிடந்து துரு ஏறியிருந்தது.

"ரொம்ப சுலபம் சார். பழசோட தலையைக் கழட்டிப் புதுசோட உடம்புல மாட்டணும். ஆனா எனக்கு இந்த வாரம் மூச்சு விட நேரமில்ல. ஞாயித்துக்கிழமை கிரேனோட வந்து எஞ்சினைக் கார்ல தூக்கி வெச்சுத் தர்றேன். தலை மாத்தற வேலைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க."

"யாரையும் பாக்க வேணாம். நாங்களே மாத்திக்கிறோம்" என்றாள் மனைவி.

பிரேக் சாரின் கால் தரையை மிதித்தது.

கார் நிற்கும் கொட்டகை ஒழுகும். அதனால் இரண்டு எஞ்சின்களும் கூடத்துக்கு வந்தன. மரக்கட்டைகள் அடுக்கி, பழைய போர்வை விரித்து, சோபாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் சோபாவில் மாமனார். அவர் அந்த இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டார்.

"என்ன மாப்ளே, கூடத்துல ஆபரேஷனா? நோயாளி பொழைப்பாரா?"

"பொழைப்பாரு மாமா."

"பொழைச்சாலும் நான் அதுல ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வேலை வியாழக்கிழமை தொடங்கியது. பிரேக் சாருக்குக் காரை நிறுத்தத் தெரியும். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. ஒரு போல்டைக் கழற்றும் முன் அதை மூன்று பக்கமும் நின்று பார்ப்பார். அவள் அப்படியில்லை. பிரித்துத் தைப்பதில் பழகிய கை. வால்வுகளைத் திறக்கும் கம்பிகளில் எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ, அது அதே ஓட்டைக்குத்தான் திரும்பப் போக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அவள் ஓர் அட்டைப்பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற அதில் குத்தி வைத்தாள். பார்த்தால் அவள் ஊசி குத்திவைக்கும் பஞ்சு மாதிரியே இருந்தது.

கேஸ்கெட் என்ற தகடு ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் உட்காரும். அது உட்காரும் முகம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். பழைய பிசிறுகளைச் சுரண்டி எடுக்கவே வியாழக்கிழமை முழுவதும் போனது. முகம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க அவள் தன் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கன்னத்தைச் சாய்த்து, அடியில் வெளிச்சம் வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்கு. நான் தைச்ச பல் டாக்டர் வீட்டுத் திரைச்சீலையை விட நேர்."

வெள்ளிக்கிழமை ஹெட்டுகளைத் தூக்கி வைத்தார்கள். புதுக் கேஸ்கெட், புது போல்ட். எந்த போல்டை முதலில் முறுக்க வேண்டும், எதை அடுத்து என்று அவள் துணியில் கோடு போடும் சுண்ணத்தால் எண் எழுதினாள். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், ஒரேயடியாக இறுக்காமல் சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். மெக்கானிக் ஒரு நீளமான ஸ்பானர் கொடுத்திருந்தார். போதுமான அளவு இறுகியதும் அது "டக்" என்று சத்தம் போடும். அதற்கு மேல் முறுக்கக் கூடாது.

பிரேக் சார் முறுக்கினார். அவள் எஞ்சின் நகராமல் பிடித்துக்கொண்டாள்.

டக்.

பிரேக் சாரின் கால் தரையை மிதித்தது.

அடுத்த போல்ட். டக். மறுபடி ஒரு மிதி.

மாமனார் டிவியை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன இது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து கூத்தாடறீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருமா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா. அவர் மிதிச்சா நீயும் மிதிக்கிற."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "ஏங்க, இன்னொண்ணு முறுக்குங்க. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் முறுக்கினார். டக். அவர் கால் மிதித்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் வலது காலும், அவளைக் கேட்காமலே, தரையை மிதித்தது.

அவள் எஞ்சினை விட்டுக் கையை எடுத்தாள்.

"ரெண்டு டெஸ்ட்லயும் நீங்க பின் சீட்டுல உக்காந்திருந்தீங்க."

"உனக்குத் தைரியத்துக்கு..."

"மிதிச்சீங்களா, இல்லையா?"

பிரேக் சார் ஸ்பானரைத் துணியால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. "மெதுவாத்தான் மிதிச்சிருப்பேன்" என்றார்.

மாமனார் சிரித்த சிரிப்பில் சோபா ஆடியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளாகத் தன் காலில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். படுக்கையில் படுத்துக்கூடக் காலை நீட்டிப் பார்த்து யோசித்திருக்கிறாள்.

"மிச்ச போல்டை முறுக்குங்க" என்றாள். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு "டக்"குக்கும் முன்னால் வலது காலின் மேல் இடது காலை வைத்து அழுத்திக்கொண்டே முறுக்கினார். மிதிப்பது நின்றது. ஆனால் இரண்டு தடவை விழப் பார்த்தார்.

ஹெட் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. அவற்றின் உள்பக்கத்தில், ஒன்றுக்கு மூன்று என்று காற்று போகும் ஆறு ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மறுநாள் அவற்றின் மேல் காற்றுக்குழாய்த் தொகுதியை வைத்து மூட வேண்டும். அதுவரை ஏதாவது உள்ளே விழுந்தால் எஞ்சின் பாழ். அவள் தையல் போடுகிற வீடு; நூலும் ஊசியும் எங்கும் பறக்கும். அவள் உள்ளே போய், ஜோடி தொலைந்த சாக்ஸுகள் கிடக்கும் மூட்டையை எடுத்துவந்தாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சாக்ஸைச் சுருட்டி அடைத்தாள். கறுப்பு, சாம்பல், பூப்போட்டது, விரலில் ஓட்டை விழுந்தது, நீலக் கோடு போட்டது, நிறமே சொல்ல முடியாதது. எஞ்சின் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை காலையில் மாமனார் எரிச்சலாக இருந்தார்.

"இந்த ரிமோட்டோட பின்மூடி நிக்கவே மாட்டேங்குது மாப்ளே. பேட்டரி மாத்தினதுலேருந்து விழுந்துக்கிட்டே இருக்கு. ஒரு ஸ்க்ரூவைக் காணோம்."

"அப்புறம் பாக்கலாம் மாமா."

"அப்புறம் அப்புறம்னு... வீட்ல ரெண்டு எஞ்சினுக்கு ஸ்க்ரூ இருக்கு, எனக்கு ஒண்ணு இல்ல." அவர் கால்களின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பா, குளிருதா?"

"குளிரும். வயசானா குளிரும்."

அன்று மதியம் கம்பிகளை எல்லாம் அட்டைப்பெட்டியிலிருந்து அதனதன் இடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுகூட மாறவில்லை. பிறகு பசை. காற்றுக்குழாய்த் தொகுதிக்கு அடியிலும் ஒரு கேஸ்கெட் உண்டு; அதை வைத்து, ஓரங்களில் ஒரு கறுப்புப் பசையைப் பிதுக்க வேண்டும். பிதுக்கியதும் அது காயத் தொடங்கிவிடும். உடனே தூக்கி வைத்து மூட வேண்டும். அவசரம் என்ற சொல்லைக் கேட்டாலே பிரேக் சாருக்கு மூச்சு வாங்கும். பசையைப் பிதுக்கிய கையோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையை விட்டு, அகப்பட்ட சாக்ஸையெல்லாம் பிடுங்கி வாளியில் எறிந்தார். இருவரும் தொகுதியைத் தூக்கி வைத்தார்கள். போல்ட் போட்டு முறுக்கினார்கள். முடிந்தது.

அவள் வாசலில் போய் நின்று காற்று வாங்கினாள். திங்கட்கிழமைக்கு என்ன உடுத்துவது என்றுகூட யோசித்துவிட்டாள். பிரேக் சார் வாளியை எடுத்துக்கொண்டு துவைக்கும் இயந்திரத்துக்குப் போனார். போனவர் திரும்பி வந்தார். வாளி இன்னும் கையிலேயே இருந்தது.

"நீ எத்தன சாக்ஸ் குடுத்தே?"

"ஆறு. ஓட்டை ஆறு, சாக்ஸ் ஆறு."

"வாளியில அஞ்சுதான் இருக்கு."

கூடத்தைப் புரட்டினார்கள். போர்வையை உதறினார்கள். தையல் மெஷினுக்கு அடியில், பழைய எஞ்சினுக்குள், துணிக்கூடையில், பிரேக் சாரின் சட்டைப்பையில்கூடத் தேடினார்கள். மாமனார் மட்டும் அசையவில்லை. "சாக்ஸுன்னா தொலையும். துவைக்கிற மெஷின் தின்னுடும். உலகத்துக்கே தெரியும்" என்றார்.

"இன்னும் மெஷின்லயே போடல மாமா."

"அப்ப இனிமே தின்னும்."

பிரேக் சார் எஞ்சின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நீலக் கோடு போட்ட சாக்ஸ்தான் இல்லை. உள்ளே இருந்தால்? சாவியைத் திருப்பிய நொடியில் எஞ்சின் அதை உறிஞ்சும். வால்வில் சிக்கும். வால்வு வளையும். தங்கம் என்று மெக்கானிக் சொன்ன ஹெட் தகரமாகிவிடும்.

"பிரிச்சுப் பாத்துடணும்" என்றார்.

"பிரிச்சா மறுபடி பசை போடணும். ராத்திரி முழுக்கக் காயணும். காலையில மெக்கானிக் வந்து நிப்பாரு. அவர் நேரத்துக்கு முடியலேன்னா போயிடுவாரு." அவள் குரல் உயர்ந்தது. "பிரிச்ச கேஸ்கெட்டைத் திரும்பப் போட முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்நேரம் கடை மூடியிருக்கும், நாளைக்கும் கிடையாது. திங்கக்கிழமை டெஸ்ட் போச்சு. வேலை போச்சு. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் நிறுத்தணும். ஓடற காரா இருந்தாலும் நிறுத்தணும், ஓடாத காரா இருந்தாலும் நிறுத்தணும்."

பிரேக் சாருக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு குத்தியிருக்காது. அவர் வலது கால் மேலே எழுந்தது. அதை அவர் கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நான் நிறுத்தச் சொல்லல. ரிவர்ஸ் எடுக்கச் சொல்றேன். ரிவர்ஸ்னா நிக்கிறது இல்ல. ஓட்டறதுதான். பின்னாடி பாத்து ஓட்டறது."

அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில், உறை பிரிக்காத புதுக் கேஸ்கெட் ஒன்று இருந்தது.

"அன்னிக்கு வாங்கினப்ப... ஒண்ணுக்கு ரெண்டா..." என்று இழுத்தார்.

அவள் கேஸ்கெட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஸ்பானரை எடுத்தாள்.

இந்தத் தடவை கழற்றுவது எளிதாக இருந்தது. எது எங்கே என்று கைக்கே தெரிந்திருந்தது. தொகுதியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார்கள். ஒன்று, காலி. இரண்டு, காலி. ஐந்து வரைக்கும் காலி.

ஆறாவதிலும் சாக்ஸ் இல்லை.

"இல்ல பாத்தீங்களா!" என்று அவள் நிமிரப் போனாள்.

"இரு" என்றார் அவர்.

ஓட்டையின் அடியில், மூடிய வால்வின் முதுகில், ஏதோ மினுங்கியது. அவள் தையல் மேசைக்கு ஓடினாள். தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்க அவள் வைத்திருக்கும் சின்னக் காந்தத்தை நூலில் கட்டி எடுத்துவந்தாள். கிணற்றில் வாளி விடுவதுபோல மெதுவாக உள்ளே இறக்கினாள். ஒரு சின்ன "டிக்". நூலை இழுத்தாள். காந்தத்தின் நுனியில் அரிசியளவு ஒரு ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த வால்வு மட்டும் திறந்திருந்தால் ஸ்க்ரூ நேரே சிலிண்டருக்குள் போயிருக்கும். எப்படி இருந்தாலும் சாவியைத் திருப்பியதும் போயிருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அதை வைத்து அடித்திருக்கும். சாக்ஸாவது துணி. இது இரும்பு. பிரேக் சார் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"எஞ்சின்ல இவ்ளோ சின்ன ஸ்க்ரூ கிடையாதே" என்றார்.

"கிடையாது. இது..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி சோபாவைப் பார்த்தார்கள். மாமனார் மடியில் பின்மூடி தொங்கும் ரிமோட். அவர் சால்வையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டார்.

"அப்பா."

"ம்?"

"சால்வையை எடுங்க."

"குளிருது."

அவள் போய் எடுத்தாள். மாமனாரின் இரண்டு கால்களிலும் நீலக் கோடு போட்ட சாக்ஸ். ஜோடியாக.

"இது என்னோடது" என்றார் மாமனார், யாரும் எதுவும் கேட்பதற்குள். "ஒண்ணை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா இன்னொண்ணைத் தேடறேன். இந்த வீட்ல எவனும் கண்டுக்கல. காலையில டிவி பாக்க வந்தா, அது எஞ்சினுக்குள்ளேருந்து எட்டிப் பாக்குது. எடுத்துக்கிட்டேன். என் சாக்ஸை நான் எடுக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"பேட்டரி எங்க வெச்சு மாத்தினீங்க மாமா?"

"இந்த எஞ்சின் மேலதான். மேசையைத்தான் நீங்க எங்கயோ தள்ளிட்டீங்களே."

அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை வர வேண்டிய சிரிப்பும் சேர்ந்து வந்தது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரேக் சார் ஸ்க்ரூவை மாமனாரிடம் நீட்டி, "இந்தாங்க மாமா, உங்க ஸ்க்ரூ" என்றார். மாமனார் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கிரீஸ் ஆயிடுச்சே" என்று குறைபட்டுக்கொண்டார்.

பசையை மறுபடி பிதுக்கினார்கள். புதுக் கேஸ்கெட்டை வைத்து மூடினார்கள். இந்தத் தடவை மூடுவதற்கு முன் ஆறு ஓட்டைக்குள்ளும் இருவரும் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தன் மச்சானோடும் கிரேனோடும் வந்தார். எஞ்சினைச் சுற்றிவந்து பார்த்தார். சுண்ணத்தில் எழுதிய எண்கள் இன்னும் அழியாமல் இருந்தன. "என்ன சார், சட்டைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு!" என்றார். மாலைக்குள் எஞ்சின் காருக்குள் உட்கார்ந்தது. சாவியை அவள்தான் திருப்பினாள். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை, மேலே சிந்தியிருந்த ஆயிலெல்லாம் எரிந்து தெருவே புகையானது. மூன்றாவது நிமிடத்தில் புகை விலகி, தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. பிரேக் சார் அன்று தரையை மிதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்திருந்தார்.

திங்கட்கிழமை டெஸ்ட் நடக்கும் இடம் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். ஏற மாட்டேன் என்று சொன்ன மாமனார், வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாமா என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். நீலக் கோட்டு சாக்ஸ் போட்டு, அதன் மேல் செருப்பு.

அங்கே ஆண்கள் இருவரும் இறங்க, அவள் ஓட்டும் இடத்துக்கு மாறினாள். அதிகாரி வந்து முன் இருக்கையில் அமர்ந்தார். "யாராவது கூட வர்றதுன்னா பின்னாடி உக்காரலாம்" என்றார்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரேக் சார் பின்கதவுக்குப் போன கையை இழுத்துக்கொண்டார். "இல்ல சார். அவங்களே பாத்துப்பாங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

கார் கிளம்பியது. வாசலில் நடைபாதையின் ஓரத்தில் பிரேக் சாரும் மாமனாரும் நின்றார்கள். கார் நேரே போனது. திரும்பியது. தூரத்து முனையில் மறுபடி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது.

பிரேக் சாரின் வலது கால் நடைபாதைக் கல்லை ஓங்கி மிதித்தது.

"மாப்ளே, இவ்ளோ தூரம் அவளுக்குக் கேக்காது" என்றார் மாமனார்.

"தெரியும் மாமா."

"அப்புறம் எதுக்கு மிதிக்கிறீங்க?"

தூரத்தில் கார் தானாக வேகம் குறைத்தது. சைக்கிளுக்கு வழிவிட்டது. சைக்கிள்காரர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். கார் மறுபடி கிளம்பியது. காலியாகக் கிடந்த அந்த நீளமான சாலையில் அது நிற்கவே இல்லை. போய்க்கொண்டே இருந்தது. பிரேக் சார் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒரு கார் தன்னை விட்டு விலகிப் போவதை நின்று பார்த்தது அன்றுதான்.

திரும்பி வந்ததும் அதிகாரி இறங்கி, ஒரு கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். நெற்றியைத் தடவிக்கொள்ளவில்லை. அதிலிருந்தே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஏறுங்க" என்றாள் அவள்.

பிரேக் சார் வழக்கம்போல முன்கதவைத் திறந்தார்.

"அங்க இல்ல. பின்னாடி. காலைச் சம்மணம் போட்டு உக்காருங்க."

அவர் பின்னால் ஏறிச் சம்மணம் போட்டு, இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டார். முன் இருக்கை மாமனாருக்குக் கிடைத்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் கால்களை நீட்டி ராஜா மாதிரி சாய்ந்தார். கார் தெருவுக்குள் நுழைந்தது. எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. முதல் முனையில் ஒரு பஸ் சற்று வேகமாக வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். வேகத்தைக் குறைக்கவும் தொடங்கிவிட்டாள். அதற்குள் கார் சடக்கென்று நின்றது. மூன்று பேரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள்.

அவள் பின்னால் திரும்பினாள். பிரேக் சார் சம்மணம் கலையாமல், "நான் இல்ல. சத்தியமா நான் இல்ல" என்றார்.

இருவரும் முன் இருக்கையைப் பார்த்தார்கள். ஆசிரியரின் பிரேக் மிதியின் மேல், நீலக் கோடு போட்ட ஒரு கால் அழுத்தமாக ஊன்றியிருந்தது.

"பஸ் வந்துச்சு" என்றார் மாமனார்.

"அப்பா, காலைத் தூக்கி மேல வைங்க."

மாமனாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்தாள், கியரைப் போட்டாள், கிளம்பினாள்.